பிரியவதனியின் பால்மாட்டு அறிக்கை

யாழ்ப்பாணத் தீவுகளில் வேலணை முதல் நெடுந்தீவு வரை எந்த மாடு வாலை ஆட்டினாலும் அதன் இலாபநட்டத்தைப் பிரியவதனி சொல்லிவிடுவாள். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். ஆனால் பால்மாடு வளர்ப்பில் என்ன மிஞ்சும் என்று ஆராய்வதுதான் பதினெட்டு வருடமாக அவளுடைய உத்தியோகம். அவளுடைய அறிக்கையை நம்பிப் புங்குடுதீவுப் பரமலிங்கம் ஊர்மாடுகளை விற்றுக் கலப்பினப் பசு வாங்கினார். கிணற்று உவர்த்தண்ணீரை அது முகர்ந்தும் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனவளுக்குப் பரமலிங்கம் அந்தப் பசுவின் பாலிலேயே தேத்தண்ணீர் கொடுத்தார்.

“நானும் இந்த ஊர்தானே, அண்ணை. நல்ல தண்ணிக்கு ஒரு சதமும் செலவு போடாமல் அறிக்கையை எழுதிப்போட்டன். பிழை என்னிலைதான்.”

“அதை விடும், பிள்ளை. மாடு இப்ப குழாய்த் தண்ணி குடிக்குது, அது சும்மாதானே கிடைக்குது.”

சந்திக் குழாயிலிருந்து வந்த அவர் மனைவி சறோஜினிதேவி இரண்டு வாளிகளையும் இறக்கி வைத்தாள்.

“சும்மா கிடைக்குதோ? ஒரு நாளைக்கு எட்டு நடை நடக்கிறன். நீர் எழுத மறந்தது தண்ணியை இல்லை, பிரியா, என்னை.”