நோகாத பல்லுக்கு ஒரு புத்தகம்

ஜெர்மனியில் பல்லுக்கும் ஒரு புத்தகம் இருக்கிறது. போனஸ்ஹெஃப்ட் என்பார்கள். வருஷத்துக்கு ஒருதரம் பல் வைத்தியரிடம் போய் வாயைக் காட்டினால் அதில் ஒரு முத்திரை குத்தித் தருவார்; விடாமல் சேர்த்தால் பின்னாளில் பல் கட்டும்போது காப்புறுதிக்காரர் கூடுதலாகக் காசு தருவார்கள். வந்த புதிதில் எனக்கு இது பெரிய பகிடியாக இருந்தது. நோகாத பல்லை எந்த விசரியாவது கொண்டுபோய்க் காட்டுவாளா? முதல் தடவை கதிரையில் சாய்ந்ததும், எங்கே நோகிறது என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். கேட்கவில்லை. வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று ஏதோ ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினேன். அதில் ஒன்றுமில்லையே என்றார். அப்படியானால் கழற்றவேண்டாமா என்று என் அரைகுறை டொச்சு மொழியில் கேட்டேன். மனுஷன் முகமூடியை இறக்கி, உங்கள் ஊரில் நல்ல பல்லையும் கழற்றுவார்களா என்று கவலையோடு விசாரித்தார்.

மட்டக்களப்புப் பக்கம் எங்கள் ஊரான செட்டிபாளையத்தில் நாங்கள் பல் வைத்தியரிடம் போனதே கழற்றத்தான். முதலில் கராம்பு, பிறகு உப்புத்தண்ணீர், கன்னம் வீங்கினால்தான் பஸ் ஏறுவோம். என் தங்கச்சி வசந்தி வீங்கியும் ஏறவில்லை. ஏறவிடாமல் செய்தது நான்தான். ஊருக்கு யார் போனாலும் நோவை அடக்கும் குளிசைப் பெட்டி நாலைந்து வாங்கிக் கொடுத்துவிடுவேன். இங்குள்ள எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலை. சொக்கிலேட்டுக்கு அடியில் குளிசை இல்லாமல் ஒரு சூட்கேசும் போகாது. வெளிநாட்டுக் குளிசை என்றால் அங்கே தனி மரியாதை. வசந்தியின் கடைவாயில் கொடுப்புப் பல் ஒன்று உடைந்து, அதன் கூர் நாக்கின் ஓரத்தை உரசி உரசிப் புண்ணாக்கியிருக்கிறது. மாதக்கணக்காக ஆறவில்லை. எனக்குத் தெரிய வந்ததும், ஆஸ்பத்திரிக்குப் போடி என்று தொலைபேசியில் தொண்டை கிழியக் கத்தினேன்.

"நோகல்லக்கா. நீங்க தந்துவிட்ட குளிசை இன்னும் இரிக்கி," என்றாள்.

கடைசியில் போனாள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்று. நாக்கில் ஒரு பகுதியை வெட்டவேண்டும் என்று நாளும் குறித்துவிட்டார்கள். அந்தக் கிழமைதான் எனக்கு முத்திரை குத்தும் முறை வந்தது. வைத்தியர் என் நாக்கைத் துணியால் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். இந்த ஒரு நிமிஷம் என் தங்கச்சிக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்தேன். அழுதுவிட்டேன். நோகப்பண்ணிவிட்டேனா என்று அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்டார். அவருக்கு எதை, எந்த மொழியில் விளங்கப்படுத்த?

அன்றைக்கே வசந்தி தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, வெட்டினாப் பொறகு கதைக்க ஏலுமா?"

"ஏலும்," என்றேன். எனக்கு என்ன தெரியும்?

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுக்கிறாள். சுகமா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவள், இப்போது வாவியில் இறால் பட்டது, கோயில் சடங்கு, மருமகளோடு பிடித்த சண்டை என்று மூச்சுவிடாமல் கதைக்கிறாள். நாக்கு நொந்தாலும் நிறுத்துவதில்லை. வேலை முடிந்து டிராமில் வரும்போது நான் 'ம்' கொட்டிக்கொண்டிருக்கிறேன். இறங்கவேண்டிய தரிப்பிடம் வருகிறது. கதவு திறக்கிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், கதவு மூடுகிறது. வசந்தி இன்னும் முடிக்கவில்லை.