பாய்மரம் முறிந்த கப்பல்

புதுக்கடைச் சந்திப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் குமாரதாஸின் வீடு. முன்னறை முழுக்கப் பழைய புத்தகங்கள். மஸ்கட்டில் பல வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், எல்லாரும் எதிர்பார்த்தபடி ரப்பர் தோட்டம் வாங்கவில்லை. பழைய புத்தகம் வாங்கி விற்பதில் இறங்கிவிட்டார். மனைவி முத்துக்கனி முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பார்சல் கட்டுகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். ஒரு விஷயம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். குமாரதாஸ் தான் விற்கிற புத்தகங்களை வாசிப்பதில்லை. எந்தப் பதிப்பு, தாள் அரித்திருக்கிறதா, அட்டை மாற்றியதா என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், அதை வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான் என்பார்.

திற்பரப்புக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட் பங்களாவை இடிக்கப்போவதாக அதன் காவலாளி பொன்னுலிங்கம் ஃபோன் பண்ணிச் சொன்னார். போனபோது, பழைய பேப்பரோடு எடைக்குப் போக இருந்த மூட்டைக்குள் தோல் அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்று கிடந்தது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளில் லண்டனில் அச்சானது. பாய்க்கப்பல் ஒன்றில் மருத்துவராக வந்த வெள்ளைக்காரர், ஆப்பிரிக்க முனையைச் சுற்றிக் கொழும்புக்கும் அங்கிருந்து கொல்லத்துக்கும் வந்த பயணத்தை எழுதியிருந்தார். இடையிடையே கையால் வண்ணம் தீட்டிய படங்கள். குமாரதாஸ் விலை பேசி வாங்கிக்கொண்டார். இப்படி ஒன்று தன் கைக்கு வருமென்று அவர் நினைத்ததே இல்லை.

வீட்டில் வைத்துத் தாள் தாளாகப் புரட்டியபோது ஒரு படம் குறைந்தது. யாரோ பிளேடு வைத்து அறுத்து எடுத்திருந்தார்கள். 'பாய்மரம் முறிந்த கப்பல்' என்று அதன் பெயர் மட்டும் முன்பக்கத்துப் படப் பட்டியலில் இருந்தது. எர்ணாகுளத்து வியாபாரி ஒருவர், அதுதான் குறைப்புத்தகம் ஆகிவிட்டதே, மிச்சப் படங்களையும் அறுத்துச் சட்டம் போட்டு விற்றுவிடலாம் என்றார். குமாரதாஸ் அன்றோடு அவருடைய ஃபோனை எடுப்பதை நிறுத்தினார். சென்னையில் பழைய நூல்கள் சேர்க்கிற ஒருவரோ, முழுசாகக் கிடைத்தால் உடனே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

மறுபடியும் திற்பரப்புக்குப் போய் விசாரித்தார். பொன்னுலிங்கம் யோசித்துப் பார்த்து, பங்களாச் சுவரில் ஒரு கப்பல் படம் தொங்கியதாகவும், சூப்பர்வைசர் சுந்தர்சிங் வேலையை விட்டுப் போகும்போது முதலாளி அதை அவருக்குக் கொடுத்ததாகவும் சொன்னார். அவருக்கு ஊர் இராஜாக்கமங்கலம் பக்கம்.

சுந்தர்சிங் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அவர் மனைவி செல்லபாய் மட்டும் இருந்தார். வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். சட்டத்தின் மேல் பழைய தலையணை உறை ஒன்றை மாட்டியிருந்தார். மகன் ஷிஜின் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் கிடக்கிறதாம். கணவருக்குப் பிடித்த படம் என்பதால் எடுத்து வெளியே போடவும் மனசு வரவில்லை.

குமாரதாஸ் உறையைத் தூக்கிப் பார்த்தார். கறுத்த வானம், முறிந்து தொங்குகிற பாய்மரம், சாய்ந்த தளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சின்னச் சின்ன மனிதர்கள். அதே தாள், அதே வண்ணம். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, படத்துக்கு ஈடாக நியாயமான விலை தருவதாகச் சொல்ல வாயெடுத்தார்.

"அந்த ஆளுவளுக்கு என்ன ஆச்சு தம்பி?" என்றார் செல்லபாய்.

குமாரதாஸ் அதை இன்னும் வாசித்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. புத்தகத்தில் படம் அறுபட்ட இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இங்கிலீஷில் வாசித்து, தமிழில் சொல்லிக்கொண்டே போனார். கன்னியாகுமரிக்குத் தெற்கே புயலில் மாட்டியது, மரம் முறிந்தது, தண்ணீர் புகுந்தது. அடுத்த பக்கம் என்ன இருக்குமோ என்ற பயத்தில், வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தாளை லேசாகத் தூக்கி முன்னால் எட்டிப் பார்த்தார்.

செல்லபாய் அதைக் கவனித்துவிட்டார். "பாத்துட்டு மறைக்கண்டாம். உள்ளத வாசியும்."

வாசித்தார். விடிந்ததும் கரையிலிருந்து கட்டுமரங்கள் வந்தன. மீனவர்கள் அலைக்குள் திரும்பத் திரும்பப் போய் அத்தனை பேரையும் கரை சேர்த்தார்கள். தேங்காய்ச் சிரட்டையில் சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்தார்கள். அதன் பெயர் தெரியாத மருத்துவர், அரிசி வெந்த தண்ணீர் என்று எழுதியிருந்தார்.

"கஞ்சி," என்றார் செல்லபாய். "கஞ்சி குடிச்சிருக்கானுவோ." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு எழுந்து போய்த் தலையணை உறையைக் கழற்றி மடித்து வைத்தார்.

"தம்பி, வருத்தப்படாதேயும். இத நான் தரமாட்டேன். இத்தற வருசமா இதப் பாக்காமலே நடந்தேன். இனி எனக்குப் பாக்கணும்."

பஸ்ஸில் திரும்பும்போது குமாரதாஸுக்கு ஏமாற்றம் வரவேண்டியதுதான். வரவில்லை. மடியில் புத்தகத்தை விரித்து, கரையேறியவர்கள் பிறகு எப்படிக் கொல்லம் போனார்கள் என்று வாசித்துக்கொண்டே வந்து, இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டார். சென்னைக்காரரிடம் படம் கிடைக்காது என்று சொல்லிவிட்டார். அவரும் விலகிக்கொண்டார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து செல்லபாய் வீடு திரும்பும் நேரத்துக்குக் குமாரதாஸ் அங்கே போகிறார். புத்தகத்தை முதலிலிருந்து தமிழில் எழுதத் தொடங்கிவிட்டார். எழுதினதை முதலில் கேட்பது செல்லபாய். துறைமுகத்தில் சிக்னல் கிடைத்தால் ஷிஜினும் ஃபோனில் சேர்ந்துகொள்கிறான். போன வாரம் ஒரு பாயின் பெயருக்குத் தமிழ் கிடைக்காமல் அவனிடம் கேட்டதற்கு, "அங்கிள், எங்க கப்பல்ல பாயே கெடையாது. எஞ்சினப் பத்திக் கேளுங்க, சொல்லுறேன்" என்றான்.

செல்லபாய் சிரித்துவிட்டு, பக்கத்து மீன்பிடித் துறையில் அல்போன்ஸ் என்று ஒருவர் இருக்கிறார், பாய் விரித்து வள்ளம் ஓட்டினவர், கேட்டுப் பார்ப்போம் என்றார். குமாரதாஸ் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். செல்லபாயும் கதவைப் பூட்டிவிட்டுக் கூடவே கிளம்பினார்.