எரியாத அடுப்பு

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு தாயும் மகளும் நடைபாதைக்கு வந்தார்கள். சுற்றி வளைக்க விருப்பமில்லை. முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள்... எனக்கு வேண்டியதுதான்!

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூர்க் கால்வாய்க் கரைக் குடிசைகளுக்குப் பதிலாக அரசாங்கம் மாடி வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. யாரும் தெருவில் நிற்கக் கூடாது என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம். குடும்பங்களைக் கணக்கெடுக்கும் தற்காலிக வேலையில் நான் இருந்தேன்.

எங்களுக்கு ஒரே விதி. கூரையை எண்ணாதே, அடுப்பை எண்ணு. ஒரே கூரைக்குள் இரண்டு அடுப்பு புழங்கினால் இரண்டு குடும்பம், இரண்டு வீடு. உள்ளே போய்க் கண்ணால் பார்க்க வேண்டும்.

அன்று காலை அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். "சாயங்காலம் உன்னைப் பொண் பாக்க வரா. கண்ட எடத்துக்கெல்லாம் போய்த் தீட்டோட ஆத்துக்கு வராதே!"

தெய்வானையின் குடிசையில் சாவு விழுந்திருந்தது. புருஷன் போய் இரண்டு நாள். நடுவே கோணித் திரை. இந்தப் பக்கம் அவளும் மகளும், அந்தப் பக்கம் கொழுந்தன் குடும்பம். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கொழுந்தன் வெளியே வந்தான். "உள்ள இன்னாம்மா பாக்கப்போறே? அண்ணி அடுப்பே பத்த வெக்கல. எங்க சோத்தத்தான் துன்னுது. எல்லாம் ஒரே குடும்பந்தான்."

சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அது எனக்குத் தெரியாதா? என் அப்பா இறந்தபோது பக்கத்து வீட்டுச் சாதத்தைத் தின்றவள்தானே நான்! உள்ளே போய்ப் பார்த்திருந்தால் அவள் பக்கத்துச் சுவரில் படிந்த கரியே சாட்சி சொல்லியிருக்கும். ஆனால் உள்ளே நுழைந்தால் வீட்டுக்குப் போய்த் தலை முழுக வேண்டுமே, சாயங்காலத்துக்குள் கூந்தல் உலருமோ... இதுதான், வேறு ஒன்றுமில்லை, அன்று என் கவலை. ஒரே குடும்பம் என்று எழுதிக்கொண்டு நகர்ந்தேன்.

இதுவரை செய்தது சோம்பல். பொய் பிறகு வந்தது.

குடிசைகளைப் பிரித்தார்கள். ஒரே குடும்பத்துக்கு ஒரே மாடி வீடு; அது கொழுந்தனுக்குப் போயிற்று. அவன் அண்ணியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தெய்வானை அதிகாரியிடம் முறையிட்டாள். அவர் அவள் எதிரிலேயே என்னைக் கூப்பிட்டார்.

"உள்ளே போய்ப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன் சார். அவள் பக்கம் அடுப்பு புழங்கிய அடையாளமே இல்லை."

உண்மையைச் சொன்னால் வேலை போயிருக்கும். போனால் என்ன, கெட்டா போயிருப்பேன்? இன்று கேட்கிறேன். அன்று கேட்கவில்லை.

தெய்வானை என்னை மறுப்பாள் என்று நடுங்கினேன். அவளோ, பாவி, தலையாட்டினாள்! "ஆமா சார், எரியலதான். அவரு செத்து ரெண்டு நாளு... நான் மூலையில கெடந்தேன், இந்தம்மா வந்ததக்கூட பாக்கல." அவள் நேர்மையே என் பொய்க்கு முத்திரை குத்திவிட்டது. அதிகாரி கோப்பை மூடினார்.

சில வருஷம் கழித்து அவளைக் கண்டேன். அந்த மாடி வீடுகளுக்கு எதிர் நடைபாதையில், மூன்று கல் கூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். சிரித்தாள்!

"இன்னிக்கி அவருக்குத் திதிமா," என்றாள். "நான் எதுவும் படைக்கறதில்ல. செத்ததுதான் செத்தாரு, நீ கணக்கெடுக்க வர்ற நேரம் பாத்தா சாவணும்? எங்கள நடுத்தெருவுல வுட்டுட்டுப் போனவருக்கு இன்னாத்துக்கு சோறு?"

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். 'அவர்மேல் தப்பில்லை, தெய்வானை' என்று ஒரு வார்த்தை... திறக்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

வீட்டைப் பறித்தது போதாதென்று, செத்தவருக்கு அவள் வைக்க வேண்டிய ஒரு பிடிச் சோற்றையும் பறித்தவள் நான். அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. உங்களிடம் சொல்லி என்ன பயன்? அவர் பட்டினியாகவே இருக்கிறார்.