ஏழாம் கூண்டின் சாக்பீஸ் கோடுகள்

1. ஏழாம் கூண்டுப் பெண்குரங்கு மாதவிலக்கு நாட்களில் தின்னாமல் சுருண்டு கிடந்தது.
2. ஒருநாள் செத்துப்போனது.
3. அறுத்துப் பார்த்தேன். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே குடலோடு ஒட்டி வளர்ந்து, இரத்தம் கட்டியிருந்தது.

இராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் ஆய்வுக்கூடக் குரங்குகளைப் பராமரித்தவர்தான் அது தின்னாமல் கிடப்பதை முதலில் கவனித்தார். காதிடுக்கில் எப்போதும் சாக்பீஸ் துண்டு. குரங்கு தின்னாத நாளுக்குக் கூண்டில் ஒரு கோடு போடுவார்.

"வலிச்சிருக்குமா, டாக்டரம்மா?"

"ரொம்ப வலிச்சிருக்கும்."

"நடிச்சிருக்காதே?"

"குரங்கு யாருக்குய்யா நடிக்கும்?"

அவர் முகம் வாடியது. "வீட்டுல அவளும் இப்படித்தான் சுருண்டு கிடப்பா. வேலைக்குக் கள்ளம்னு வஞ்சுக்கிட்டே இருந்தேன்."

மறுநாளே மனைவியை என்னிடம் அழைத்து வந்தார். மதுரை மருத்துவமனைக்கு அனுப்பினேன்; அதே நோய்தான், அங்கே அறுவை நடந்தது. குரங்கின் வலியை எண்ணியவருக்கு அவள் வலி எப்படித் தெரியாமல் போனதென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அவளுக்கு வலி குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. இப்போது வீட்டுச் சுவரிலும் கோடு போடுகிறார்.