வெள்ளிக்கிழமை விரதமும் விழுங்காத குளிசையும்

போன வருடம் ஐந்து மாதமாக எனக்கு மாதவிடாய் வரவில்லை. வயிற்றில் பிள்ளையும் இல்லை. அந்த நேரத்தில்தான், என் கணவரின் தங்கை தர்சினி இரண்டாவது பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று தொலைபேசி வந்தது. "நல்ல சந்தோசம்" என்று சொல்லி வைத்துவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை வாசிக்கிற முருகன் அடியார்களிடம் பொய் சொல்லி என்ன பயன்? அது துக்கம் இல்லை. அப்பட்டமான பொறாமை.

நான் கலியாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து பேர்லினுக்கு வந்து ஏழு வருடமாகிறது. இங்கே நொய்கெல்ன் பகுதியில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறேன். தர்சினி இங்கேயே பிறந்தவள். கடைக்கு வந்தால் கிரீம் பணிஸ் இரண்டை நின்ற நிலையிலேயே முடிப்பாள். இடுப்பு அப்படியே இருக்கும். அவள் தின்பதைப் பார்த்தாலே எனக்கு எடை ஏறும். அவளுக்குக் கூந்தல் இடுப்புவரை. எனக்கோ தலையில் கொட்டிய முடி நாடியில் முளைத்தது. இது என்ன நியாயம் முருகா என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்!

பெண்கள் மருத்துவர் இது பிசிஓஎஸ் என்ற சூலகக் கோளாறு என்றார். "இன்சுலின் உங்களுக்கு நிறையவே சுரக்கிறது. அது கதவைத் தட்டுகிறது, உடம்பு திறக்கவில்லை" என்றார். உடம்புக்குள் மெல்லிய அழற்சியும் இருப்பதாக இரத்தப் பரிசோதனை காட்டியது. மெட்போமின் குளிசை எழுதித் தந்து, நடக்கச் சொன்னார். பட்டினி கிடக்கவே வேண்டாம் என்றார்.

குளிசை என் வயிற்றைக் கலக்கி எடுத்தது. ஊபான் என்கிற சுரங்க ரயிலில் வேலைக்குப் போகிற வழியில் இறங்கிக் கழிவறை தேடி ஓடியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் குளிசை போட்டால் விரதம் முறிந்துவிடும் என்று அன்றைக்கு விட்டேன். பிறகு மற்ற நாட்களிலும் விட்டேன். கணவர் கேட்டால், "ஓம், எடுக்கிறன்" என்பேன். அதற்குப் பதிலாக விரதத்தை இறுக்கினேன். பகல் முழுவதும் தண்ணீர் மட்டும். மாலையில் கோபுரமாகச் சோறும் பாயாசமும். முருகன் தரட்டும், மருந்து எதற்கு என்ற வீம்பு.

என் பிரார்த்தனையும் அழகாக இருக்கவில்லை. "அவளுக்கு இரண்டு, எனக்கு ஒன்றுமே இல்லையா?" என்பதுதான் அது. தர்சினி ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில் முன்வரிசையில் நின்று அர்ச்சனை செய்வாள். "வயித்தைக் காட்ட வாறா" என்று கணவரின் காதில் முணுமுணுப்பேன்.

போன வருடக் கந்தசஷ்டியின் கடைசி நாள். சரியான சனக்கூட்டம். அவள் கண்ணில் படாமல் அவளுக்குப் பின்னால் நின்றேன். ஐயர் அவளின் அர்ச்சனைத் தட்டத்தை வாங்கினார்.

"பெயர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

"வதனி. கேட்டை நட்சத்திரம்."

அது என் பெயர். என் நட்சத்திரம்.

"போன வெள்ளியும் இந்தப் பெயர்தானே பிள்ளை?"

"ஓம் ஐயா. என்ர அண்ணிக்கு."

எனக்குத் தலை சுற்றியது. பசியோ வெட்கமோ தெரியாது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். தர்சினி திரும்பிப் பார்த்து, தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"என்ன அண்ணி, ஏலாமல் கிடக்கோ? குளிசை எடுத்தனீங்களோ?"

"என்ன குளிசை?"

"அண்ணா சொன்னவர். உங்கட நாடியில முளைச்ச முடியைப் பாத்து எனக்கு முதலே விளங்கினது. மூத்தவன் வர முந்தி நானும் உந்தக் குளிசைதான் எடுத்தனான். மெல்லிசான ஆக்களுக்கும் இந்த வருத்தம் வரும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. சொன்னால் மலடி எண்டு கதைப்பினம்."

"விரதத்தில எப்பிடி எடுக்கிறது?"

"முருகன் குளிசைக்குக் கோவிக்கிற ஆளே? டொக்டரிட்டக் கேட்டுக் குறைச்சுத் தொடங்குங்கோ. சாப்பாட்டோட எடுங்கோ."

நன்றி வந்ததா? முதலில் வரவில்லை. இந்த நோயிலும் இவள் எனக்கு முந்திவிட்டாளே என்றுதான் நினைத்தேன். பிறகுதான் அழுகை வந்தது.

அடுத்த கிழமையே மருத்துவரைச் சந்திக்க டெர்மின் எடுத்து, போய் உண்மையைச் சொன்னேன். சிறிய அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டினார். இப்போது வெள்ளிகளில் மரக்கறிச் சாப்பாடு அளவாகச் சாப்பிட்டு, அதோடு குளிசையும் எடுக்கிறேன். வேலைக்குப் பாதி வழி நடக்கிறேன். தைப்பொங்கலுக்கு முன்பு மாதவிடாய் வந்தது. அதற்காக ஒரு பெண் துள்ளிக் குதித்ததைப் பார்த்து என் கணவர் பயந்தே போனார். வைகாசியில் பிள்ளை தங்கியது. இப்போது ஆறாம் மாதம். மருந்து தந்தவர் மருத்துவர். வீம்பை முறித்து அதை என் வாயில் போட வைத்தவன் முருகன்.

பொறாமை முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். தர்சினிக்கு இரண்டாவதாகப் பிறந்த மகளுக்கும் இப்போதே என்ன கூந்தல்!

என்னைப் போல வயிறெரிந்து நிற்கிற சகோதரிகளே, விரதத்துக்காக மருந்தை விடாதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள், முருகனிடமும் கேளுங்கள். யாரைப் பார்த்து எரிகிறீர்களோ, அவர் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்து பாருங்கள். நான் தர்சினிக்குச் செய்யப் போனபோது ஐயர் நட்சத்திரம் கேட்டார். ஏழு வருடமாக ஒரே குடும்பம். அவளின் நட்சத்திரம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.