கேளாமல் குறித்த நாள்

ஏப்ரல் கடைசி வெள்ளி. காலை ஏழு மணிக்கு ரொறன்ரோவில் மொன்றியல் பஸ் ஏறினேன். ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். சீட்டு அறுபத்திரண்டு டொலர். சட்டைப்பையில் ஐயரிடம் எழுதுவித்த தாள்: என் புது வீட்டில் பால் காய்ச்சும் நாளும் நேரமும். அக்காவுக்கென்று கீழறைக்கு நீல பெயின்றும் அடித்தாயிற்று. அத்தான் காலமானபின் மொன்றியலில், லாசால் பகுதியில் தனியே கிடந்து அக்கா கஷ்டப்படுகிறார் என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தேன். அவரைக் கூட்டி வருவது ஒன்றுதான் பாக்கி.

பிற்பகல் இரண்டு. அக்கா குடையோடு காத்திருந்தார்.

"வீட்டை பேந்து போவம். உனக்கொரு இடம் காட்டுறன், வா."

பழைய மொன்றியலை மூடுபனி மூடியிருந்தது. கல்வீதி பாதியில் கரைந்துபோயிற்று. எங்கோ ஒரு மணி அடித்தது. நான் நடக்கிறேனா, இன்னும் பஸ்ஸில் தூங்குகிறேனா என்றே தெரியவில்லை. பழைய கல்வீடொன்று இப்போது அருங்காட்சியகம். வாசற் காவலாளி அக்காவைக் கண்டதும் "பொன்ஜூர்!" என்றார். இருவரும் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"இருநூற்றைம்பது வருசத்துக்கு முன்னம் ஒரு அமெரிக்க அப்புக்காத்து இஞ்சதான் வந்து நிண்டவர்," என்றார் அக்கா. "நான் வேலை செய்யிற கார்டெரி, அதுதான் சின்னப் பிள்ளையள் காப்பகம், அந்தப் பிள்ளையளோட இஞ்ச வந்து வந்து எனக்கு எல்லாம் பாடம்."

அக்கா கதையைச் சொன்னார். அந்த வழக்கறிஞர் சிறு பட்டினத்தில் வாதாடிப் பேரெடுத்தவர். சட்டசபைக்குப் போய் இங்கிலாந்து அரசனையே எதிர்த்துப் பேசியவர். அமெரிக்கா புது நாடாகப் பிறக்கிற நேரம், மொன்றியலையும் சேர்த்துக்கொண்டு வா என்று அனுப்பினார்களாம். பனி உருகும் ஆற்றில் படகேறி வந்தார். சில கிழமைகள் பேசிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. வந்த வழியே திரும்பி, பிற்காலத்தில் பெரிய நீதிபதியானார்.

"அவ்வளவு கெட்டிக்காரர்! ஏன் இவையள் சேரேல்லை?"

"தங்கட நியாயமெல்லாம் வடிவாச் சொன்னவர். உங்களுக்கென்ன வேணுமெண்டு கேக்கேல்லை. முடிவெடுத்துப் போட்டெல்லோ வந்தவர்."

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது. தாளை எடுத்து நீட்டினேன். அக்கா கண்ணாடி போட்டு நிதானமாக வாசித்தார். நீல பெயின்றையும் சொல்லி, இனித் தனியே கஷ்டப்படாமல் என்னோடு வந்துவிடும்படி கேட்டேன்.

"தம்பி, தனிய இருந்து கஷ்டப்படுறது நானோ, நீயோ?"

மனைவி காலமாகி மூன்று வருடம். பிள்ளைகள் வேறு வேறு ஊரில். உண்மையில் பேச்சுத்துணை இல்லாமல் தவிப்பது நான்தான்.

"நீங்கள்தான் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், அக்கா."

"அட பாவி!" என்று சிரித்தார். "பால் காய்ச்ச வாறன். ரெண்டு கிழமை நிப்பன். எனக்குத் திரும்பி வாற டிக்கெற்றையும் இப்பவே எடு."

ஞாயிறு மாலை நான் தனியே திரும்பிய பஸ் மொன்றியல் தீவைத் தாண்டும்போது ஆறு தெரியவில்லை, வெறும் வெள்ளைப் புகை. அந்த அப்புக்காத்தும் இப்படித்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டு போயிருப்பார். என்னைவிட அவர்தான் பாவம். அவரோடு இரண்டு கிழமைக்குக்கூட ஒருவரும் வரச் சம்மதிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கீழறையில் நின்றபடி அக்காவுக்கு அழைத்தேன்.

"அக்கா, உங்களுக்கு என்ன நிறம் விருப்பம்?"

"மஞ்சள்," என்றார்.