சும்மா இருக்கும் பெட்டி

என் அக்காவுக்கு வேலை செய்யும் இடத்தில் பெயர் கிடையாது. அந்த மருந்து மொத்தக் கிடங்கின் காவலாளி முதல் வேன் டிரைவர்கள் வரை எல்லோருக்கும் அவள் லைனம்மா. லைன், அதாவது இணையம், போனால் கூப்பிடுவார்கள். லைன் இருக்கும்போது அவள் என்ற ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. மூத்தவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "ஏதோ நெருப்பணைக்கிற வேலை" என்று அம்மா முடித்துவிடுவாள். ஃபயர்வால் என்பதில் அம்மாவுக்குப் பிடிபட்டது அவ்வளவுதான். அது பெரிய தப்பும் இல்லை.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்திருந்தேன். பையைக்கூடப் பிரிக்கவில்லை. அக்கா கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கடி சிக்னலே கிடைக்காது?"

"இது என்ன கேள்வி?"

"நீ சுத்தாத இடமா? போன் அடியோட செத்துப்போற இடமா ஒண்ணு சொல்லு. அங்க கூட்டிட்டுப் போ."

எனக்கு ஒரு ரயில் தெரியும். மலைக்குள் நுழைந்துவிட்டால் இரண்டு நாளைக்குச் சிக்னல் என்ற பேச்சே இருக்காது. அதைச் சொன்னதும், பசித்தவள் அடுப்பைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அத்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கல்யாணத்தன்னைக்கே போன் வந்து மேடைய விட்டு இறங்கிப் போனவ இவ. மாலையும் கழுத்துமா லேப்டாப்போட உக்காந்திருந்தா. நான் ஒத்தையா நின்னு போட்டோவுக்குப் பல்லக் காட்டிட்டிருந்தேன். இவளாவது, ரயிலாவது!"

"நீங்க சும்மா இருங்க."

"அதைத்தானே இத்தனை வருஷமா பண்ணிட்டிருக்கேன். இந்த வீட்டுல நான்தான் ரெண்டாவது பெட்டி."

அவர் சொன்ன ஃபயர்வால் பெட்டிகளை நான் பிறகு நேரில் பார்த்தேன். குளிரூட்டிய, ஜன்னலில்லாத சின்ன அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கிடங்குக்கும் வெளியுலகுக்கும் நடுவே போகிற ஒவ்வொன்றையும் நிறுத்தி, சோதித்து, வழி சொல்லி அனுப்புவது மேல் பெட்டி. கீழ்ப் பெட்டி சும்மா இருக்கும். சும்மா என்றால் தூக்கமில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள கேபிளில் அது ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும்: இருக்கியா? மேல் பெட்டி சொல்லும்: இருக்கேன். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால், அது செத்துவிட்டது என்று முடிவு கட்டி, கீழ்ப் பெட்டி அந்த நொடியே பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். நடுவில் ஆள் மாறியது யாருக்கும் தெரியக்கூடாது. ஆளுக்கொரு சொந்த முகவரி இருந்தாலும், மற்றவர்கள் வந்து கதவைத் தட்ட வேண்டியது இரண்டுக்கும் பொதுவான இன்னொரு முகவரியில்தான். எது உயிரோடு இருக்கிறதோ அது திறக்கும்.

நான் அலைந்த காலமெல்லாம் அக்கா எனக்கு அனுப்பிய செய்தியும் இந்த ஒற்றைச் சொல்தான். இருக்கியா? இருக்கேன் என்று போட்டால் அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டாள்.

மேனேஜருக்குக் கீழ்ப் பெட்டி கண்ணில் விழுந்த தூசி. "தண்டத்துக்குத்தானே கிடக்கு? புதுக் கிளைக்குத் தூக்கிக் குடுத்தா என்ன?" என்பார். முன்பு அக்காவுக்குத் துணையாக ஒருவனை வேலைக்கு எடுத்தார்கள். லைன் ஒழுங்காக ஓடிய நாட்களில் அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். அது சகிக்காமல் அவனை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அதன்பிறகு அந்த அறையில் பெட்டி இரண்டு, மின்சார வழி இரண்டு, இணைய இணைப்பு இரண்டு, அக்கா மட்டும் ஒன்று.

மேல் பெட்டியை நிறுத்திப் பார்க்கிறேன் என்று அக்கா வருஷா வருஷம் மேனேஜரிடம் கேட்டிருக்கிறாள்.

"ஓடுற வண்டியில சக்கரத்தக் கழட்டி ஸ்டெப்னிய மாட்டிப் பாப்பாங்களாம்மா?"

"பாக்கலேன்னா ஸ்டெப்னில காத்து இருக்கான்னு எப்படி சார் தெரியும்?"

பதிலாக அவர் மேசை மணியை அடித்து டீ சொல்லுவார்.

இந்த முறை லீவு கேட்டதும் அவர் வழிக்கு வந்தார். "தாராளமா போங்க. நீங்க இல்லாமலும் லைன் ஓடும்னு காட்டிட்டுப் போங்க." அக்கா குதிக்காத குறை. வந்ததும் வராததுமாக ரயிலில் எதிரெதிர் படுக்கையாக இரண்டு டிக்கெட் போடச் சொன்னாள்.

ஆள் குறைவாக இருக்கும் ஒரு விடுமுறை நாளில் சோதனை வைத்தாள். பெட்டியறையில் அவள் நிற்க வேண்டும், சரக்கு ஏற்றும் வாசலில் பில் வருகிறதா என்று பார்க்க இன்னொருவர் வேண்டும். இன்னொருவர் இல்லை. அதனால் மூன்றாம் வாசலில், அட்டைப்பெட்டிக் குவியலின் ஓரமாக, காதில் போனோடு நான் நின்றேன்.

"மேல் பெட்டி பிளக்கப் பிடுங்கிட்டேன்" என்றாள். "ஆபீஸ் வருது, ஸ்டோர் வருது. அங்க?"

பில் போடும் திரை உறைந்து நின்றது. பில் இல்லாமல் ஒரு மாத்திரை அட்டைகூட வாசல் தாண்டாது. வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

முன் வேன் டிரைவர் தலையை நீட்டினார். "என்ன தங்கச்சி, லைனம்மாவே லைனப் புடுங்கிட்டாங்களாமே? வேலியே பயிரை மேயுதா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

"நான் பொறுப்பேன். வண்டியில இருக்குற ஊசிமருந்து பொறுக்குமா?"

அவள் உடனே பிளக்கை மறுபடி சொருகிவிட்டுத் தேடினாள். கோளாறு பெட்டிகளில் இல்லை. கிடங்குக்குள் வழி பிரித்துவிடும் பெரிய ஸ்விட்சில் இருந்தது. மற்ற எல்லாப் பிரிவுகளையும் பொது முகவரிக்குப் போகச் சொல்லியிருந்த அந்த ஸ்விட்ச், சரக்கு வாசல்களை மட்டும் மேல் பெட்டியின் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரே பெட்டி இருந்த நாட்களில் அக்காவே தன் கையால் எழுதிய வரி. இரண்டாவது பெட்டி வந்தபோது மற்றதையெல்லாம் மாற்றியவள், இதை விட்டுவிட்டாள். மேல் பெட்டி உயிரோடு இருந்தவரை தெரியவில்லை. அதை நிறுத்தியதும் சரக்கு வாசல்கள் செத்தவன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றன.

வரியைத் திருத்தினாள். மறுபடி பிளக்கைப் பிடுங்கினாள். திரை ஒரு முறை கண் சிமிட்டியது, அவ்வளவுதான். பில் வந்துகொண்டே இருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அறைக்குள் போனபோது அக்கா மேனேஜரோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நல்ல செய்தி சார். ஒரு தப்பு மாட்டுச்சு!"

அவள் தொழிலில் அது நல்ல செய்திதான். ஒளிந்திருந்த தப்பு வெளியே வந்தால் கொண்டாட வேண்டும் என்பது அவர்கள் வேதம். அதை அந்தத் தொழிலில் இல்லாதவரிடம் சொன்னதுதான் அவள் செய்த பிழை.

"அப்போ வேன் நின்னுதா?"

"முதல் தடவை நின்னுது சார். சரி பண்ணிட்டேன். இனிமே தானா மாறிக்கும்."

"நீங்க இருந்தீங்க, சரி பண்ணீங்க. ரயில்ல இருந்திருந்தா?"

"இனிமே அது வராது சார்."

"இதே மாதிரி இன்னொண்ணு இல்லைன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். நான் கையால் ஜாடைகூடக் காட்டினேன்.

"தெரியாது சார். அதுக்குத்தான் அடிக்கடி சோதிச்சுப் பாக்கணும். கூட ஒரு ஆளும் வேணும்."

"சும்மா உக்காரவா? லீவ அப்புறம் பாப்போம்மா."

வீட்டுக்கு வரும் வழியில் நான்தான் கத்தினேன். "யாரு உன்னைச் சொல்லச் சொன்னா? டிரைவர் போய் அவர்கிட்ட கோள் சொல்லப் போறானா?"

"நீ போடி. போய் அந்த இடத்தப் பாத்துட்டு வா."

"நீ இல்லாமயா?"

"ரெண்டு பேரும் இங்க உக்காந்து என்ன பண்றது?"

போனேன். எதிர்ப் படுக்கையில் கடைசிவரை யாரும் வரவில்லை. முதல் குகைக்குச் சற்று முன்னால் போன் அதிர்ந்தது. "இருக்கியா?" இருக்கேன் என்று தட்டினேன். அது போய்ச் சேருவதற்குள் ரயில் மலைக்குள் நுழைந்துவிட்டது.

மலையைத் தாண்டி வெளியே வந்ததும் பாக்கிச் செய்திகள் வந்து விழுந்தன. இன்னும் இரண்டு 'இருக்கியா?' அவற்றுக்குக் கீழே ஒன்று:

"கீழ்ப் பெட்டியக் கழட்டிப் புதுக் கிளைக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதான் லைனம்மா இருக்காங்களே, அது எதுக்குன்னு."